சொல்லி முடிக்கும் வரை

குற்றாலத்தில் சீசன் சமயம் பேரருவியில் பெண்கள் வரிசையில் நின்று குளித்தவர்களுக்கு உமாராணியைத் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்திருக்காது, விசில் தெரிந்திருக்கும். மற்ற காவலர்கள் ஊதினால் அது ஒரு சத்தம். உமாராணி ஊதினால் அது ஒரு ஏச்சு. தலையில் எண்ணெய் வழிய, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இப்போதுதானே உள்ளே வந்தோம் என்று கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய மனுஷிகள்கூட அந்த விசிலுக்குக் கையை விட்டுவிடுவார்கள். விசிலோடு சேர்ந்து அவளுடைய வலது கை ஒரு வீசு வீசும். நகரு, அடுத்த ஆளுக்கு வழி விடு என்று அதற்கு அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கும் மலையாளத்துக்காரர்களுக்கும் அந்தக் கை பேசும் பாஷை புரியாமல் போனதே இல்லை.

அவள் பிறந்ததே அவசரத்தில்தான் என்று புருஷன் முத்துச்செல்வம் சொல்லிச் சிரிப்பான். மாதம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், இலத்தூரிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் வாடகைக் காரிலேயே பிறந்துவிட்டவள். அதற்குப் பிறகும் அந்தக் கார் நிற்கவில்லை என்பது அவன் கட்சி. அவன் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் லாரிக்கு மூட்டை ஏற்றிவிடும் பொறுப்பில் இருக்கிறான். நாளெல்லாம் ஏலச் சத்தத்தில் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவன் குரல் எழும்பவே எழும்பாது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அதை உமாராணி தனியாளாகப் போட்டுவிடுவாள்.

இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெண். சங்கரன்கோயில் அம்மனை நினைத்துக் கோமதி என்று பேர் வைத்தார்கள். இப்போது ஒன்பது வயது. நாலு வயதில் அவளுக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. முதல் எழுத்து வாயில் வந்து நின்றுகொள்ளும். கண்ணைச் சுருக்கி, தோளைத் தூக்கி, பிள்ளை அதைத் தள்ளத் தள்ள அது நகராது. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள் உமாராணி. கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். 'நிறுத்திப் பேசு', 'மூச்சு விட்டுப் பேசு', 'பயப்படாமப் பேசு' என்று தினமும் ஆணை பிறப்பித்தாள். எதற்கும் மசியவில்லை.

கடைசியில் அவள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. பிள்ளை வார்த்தையைத் தொடங்கினால் இவளே அதை முடித்துவிடுவது. கோமதி 'த... த...' என்றால் போதும், 'தண்ணியா? இந்தா குடி' என்று தம்ளர் வந்துவிடும். பிள்ளைக்கு வேண்டியது தோசையாக இருந்தாலும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும். இதை உமாராணி கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று சொன்னால் பாவம். அருவிக்கு அடியில் ஒருத்தி வழுக்கினால் கையைப் பிடித்து இழுத்து வெளியே விடுகிறோம் இல்லையா, அப்படித்தான் இதையும் நினைத்தாள். அவளுக்கே தெரியாத ஒன்றும் கூடவே நடந்தது. பிள்ளை திக்கும்போதெல்லாம் வலது கை தானாக ஒரு வீசு வீசிற்று. நகரு, நகரு.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில்தான் அது நடந்தது. டூட்டி முடிந்து, நனைந்த யூனிபார்மோடு உமாராணி வீட்டுக்குள் நுழைகிறாள். வாசலிலேயே காத்திருந்த கோமதி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, டீ... டீச்சர் எ... என்னைய... என்னைய..."

"அடிச்சாங்களா?"

பிள்ளை தலையை வேகமாக ஆட்டியது. 'இ... இ...' என்று ஏதோ வந்தது.

"பயப்படாதட்டி. அம்மா இருக்கேன்லா. காலைல நான் வாரேன்."

வந்தாள். மறுநாள் காலை, இஸ்திரி போட்ட யூனிபார்மில், தொப்பியோடு, பிரேயர் முடிந்து பிள்ளைகள் கலைகிற நேரத்தில் பள்ளிக்கூட முற்றத்தில் போய் நின்றாள். "திக்குத பிள்ளைன்னு தெரியும்லா? தெரிஞ்சும் கை நீட்டுனா என்ன அர்த்தம்?" அந்த டீச்சர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 'மேடம், நான் வந்து...' என்று தொடங்கினாள். 'நீங்க வந்து என்ன, சும்மா மெதுவாத்தான் தட்டினீங்க, அதானே' என்று உமாராணி அதையும் முடித்துவைத்தாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. சன்னல் வழியே மொத்தப் பள்ளிக்கூடமும் பார்த்தது. கோமதியும் பார்த்தாள்.

சாயங்காலம் முத்துச்செல்வம்தான் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டு விஷயத்தை வாங்கினான். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேசும்போது திக்குகிற பிள்ளை பாடும்போது திக்குவதில்லை என்று அந்த டீச்சர் கண்டுபிடித்திருக்கிறாள். காலைப் பிரேயரில் பாடுகிற பிள்ளைகளோடு கோமதியையும் சேர்த்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் பிள்ளை வாசலில் காத்திருந்தது.

உமாராணி மறுபடி போய் மன்னிப்புக் கேட்டாள். அதையும் அவசரமாகத்தான் கேட்டாள். டீச்சர் 'பரவாயில்லை மேடம்' என்றாள். ஆனால் போலீஸ்காரம்மா மகளால் நமக்கு எதற்கு வம்பு என்று தோன்றியிருக்க வேண்டும். பாட்டுக் கூட்டத்தில் கோமதிக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதன் மேல் வட்டியும் உண்டு.

அன்றிலிருந்து கோமதி அம்மாவிடம் பேசுவதை விட்டுவிட்டாள். கோபம் என்றால்கூடச் சமாளித்திருக்கலாம். கோபமே இல்லை. சாப்பிட்டியா என்றால் தலையசைப்பாள். எழுதிட்டியா என்றால் நோட்டைக் காட்டுவாள். தலை பின்னிவிட உட்கார்வாள், கட்டிக்கொண்டு தூங்குவாள். வாய் மட்டும் திறக்காது. அப்பாவிடம் பேசினாள். கொல்லைப்புறத்தில் அவன் கால் கழுவும்போது, பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு, திக்கித் திக்கி உலகத்துக் கதையெல்லாம் பேசினாள். உமாராணி வண்டியை நிறுத்திவிட்டு வருகையில் வீட்டுக்குள் அந்தக் குரல் கேட்கும். அவள் பூட்ஸ் சத்தம் கேட்டதும் நின்றுவிடும்.

எத்தனையோ கூட்டத்தை ஒரு விசிலில் அடக்கியவளுக்குத் தன் பிள்ளையின் வாயையும் அடக்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வாய் தன்னிடம் மறுபடி திறக்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

பக்கத்து வீடு ராபியாவுடையது. புருஷன் துபாயில். ராபியாவின் சின்ன மகளும் கோமதியும் ஒரே வயது. ஒருநாள் பின்பக்கக் குழாயடியில் இரண்டும் அருவி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தன. ராபியாவின் மகள் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு குளிக்கிறவள், கோமதி போலீஸ். உமாராணி துணி காயப்போடப் போனவள் கொடிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"போதும் போதும், வெளிய வா. ஒனக்கு மட்டுமா அருவி? பின்னால ஆளு நிக்கி தெரியலையா? நகரு, நகரு, சொன்னா கேக்கணும்."

ஓர் எழுத்து திக்கவில்லை. மடமடவென்று வந்தது. கை அதேபோல் வீசிற்று. குரல்கூட உமாராணியின் குரல்தான். அச்சு அசல். பிள்ளை திக்காமல் பேசுகிறது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவள் பார்த்தது பிள்ளையின் கையைத்தான். அந்தக் கை தன்னுடையது என்று அதுவரை அவள் பார்த்ததில்லை. இந்தக் கைக்கு முன்னால் நின்று எந்தப் பிள்ளைதான் பேசும்?

ராபியாதான் அவளை முஹ்ஸினாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். முஹ்ஸினா அவளுடைய தங்கை மகள். பேச்சுப் பயிற்சி படித்துவிட்டு, தென்காசியில் ஒரு மாடி அறையில் பிள்ளைகளைப் பார்க்கிறாள். சின்னப் பெண்தான், ஆனால் அதட்டினால் அசைகிற ஆள் இல்லை. கோமதியோடு ஒரு மணி நேரம் ஏதோ விளையாடினாள். பிறகு அவளை வெளியே ராபியாவோடு அனுப்பிவிட்டு உமாராணியை உட்காரச் சொன்னாள்.

"சரியாப் போயிருமா?" என்று கேட்டாள் உமாராணி.

"போலாம். போகாமலும் இருக்கலாம். அத விடுங்கக்கா. திக்குனாலும் அவ பேசணும், அதான் வேணும். திக்குதது தப்பில்ல. பேசாம இருக்கதுதான் கஷ்டம்."

"வீட்ல என்ன பயிற்சி குடுக்கணும்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களுக்குத்தான். அவ வாயத் திறந்தா நீங்க மூடிக்கணும். அவ முகத்தப் பாருங்க. என்ன சொல்ல வாரான்னு தெரிஞ்சாலும் நீங்க சொல்லாதீங்க. அவ முடிச்ச பொறவு ஒரு மூச்சு விட்டுட்டு, அப்பறமா பதில் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"எம்புட்டு நாளு பிடிக்கும்?"

"யாருக்கு? பிள்ளைக்கா, ஒங்களுக்கா?" என்றாள் முஹ்ஸினா.

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள். பெண் போலீஸ் பயிற்சியில் வெயிலில் மணிக்கணக்காக அட்டென்ஷனில் நின்றவள். வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒரு வேலையா? வேலைதான் என்று இரண்டு நாளில் தெரிந்தது. பேசாத பிள்ளைக்காகக் காத்திருப்பது எப்படி? பிள்ளை அப்பாவிடம் பேசுகையில் சமையல்கட்டில் நின்று கேட்பாள். 'ப...' என்று பிள்ளை நின்றால் இவள் நாக்கு இங்கே துள்ளும். பல்லைக் கடித்துப் பார்த்தாள், நாக்கைக் கடித்துப் பார்த்தாள். ஒருநாள் கழுத்தில் கிடந்த விசிலையே எடுத்துப் பல்லுக்கிடையில் கவ்விக்கொண்டாள். வாயில் விசில் இருந்தால் வார்த்தை வராதே. முத்துச்செல்வமும் பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் வாயில் விசிலோடு ரசம் ஊற்றினாள். கோமதி அப்பாவிடம் ஏதோ சொல்லத் தொடங்கி நடுவில் நின்றாள். உமாராணி முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். நின்றாள். கடைசியில் மூச்சு முட்டிப் பெருமூச்சு ஒன்று விட்டதில் விசில் 'பீ' என்று ஊதிவிட்டது.

முத்துச்செல்வத்துக்குப் புரையேறியது. கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அம்மாவைப் பார்த்து அந்த வாய் திறந்தது, சிரிக்கத்தான். அதுவே உமாராணிக்கு அன்றைக்கு விருந்து.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பிள்ளை ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று கொடுத்தது. 'ப... பசிக்கி' என்று ஒருநாள் வரும், பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் வராது. உமாராணி நான்கு நாள் நன்றாக இருப்பாள், ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. தை மாதம் ஒரு காலையில் டூட்டிக்கு நேரமாகிவிட்டது, வண்டிச் சாவியைக் காணோம். கோமதி பக்கத்தில் வந்து 'அ... அ...' என்று நின்றாள். "என்னத்தட்டி, சட்டுன்னு சொல்லித் தொல" என்று வந்துவிட்டது. பிள்ளை வாயை மூடிக்கொண்டு, அலமாரி மேலிருந்த சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று.

அன்று சாயங்காலம் கொல்லையில் போய் உட்கார்ந்து உமாராணி அழுதாள். அவள் அழுவது அபூர்வம். முத்துச்செல்வம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் திருந்தவே மாட்டேன் போல."

"திருந்துத. மெதுவாத் திருந்துத. அந்த மெதுவாதான் ஒனக்குப் பிடிக்கல."

"பிள்ளைட்ட என்ன சொன்னேன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். சொன்னா. போன வருசமா இருந்தா நீ கத்திட்டு நேரா டூட்டிக்குப் போயிருப்ப. இன்னைக்கு இங்கன உக்காந்து அழுத. இவ நடக்கப் பழகுனப்போ எத்தன தடவ விழுந்தா? ஒவ்வொரு தடவைக்கும் நீதான கை தட்டுன. ஒனக்குன்னா மட்டும் விழப்பிடாதாக்கும்?"

கோமதி நடக்கத் தாமதமான பிள்ளை. விழுந்த கணக்கை யாரும் வைக்கவில்லை என்பது உண்மைதான். எழுந்து நின்றதுக்கெல்லாம் கை தட்டினார்கள். உமாராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையிடம், "காலைல நான் அப்படிச் சொன்னது தப்புட்டி" என்றாள். கோமதி தலையசைத்தாள். ஒரு நிமிஷம் கழித்து, "ச... சரி" என்றாள்.

அப்படியே மாசி போயிற்று, பங்குனி போயிற்று. உமாராணி தன்னில் ஒரு மாற்றத்தையும் காணவில்லை. கண்டவர்கள் மற்றவர்கள். ஆனி பிறந்து சாரல் தொடங்கி, பேரருவியில் கூட்டம் சேர்ந்தபோது கூட வேலை பார்க்கும் இராமலட்சுமி கேலி செய்தாள். "அக்கா விசிலுக்கு வயசாயிட்டு. அருவில சோப்புப் போடக்கூடாது, அந்தக் கிழவி போட்டுட்டுப் போடலன்னு ஒரு மணி நேரமா நியாயம் சொல்லுதா, நின்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க." உமாராணி அதை மெச்சியதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையில் சுணக்கம் வந்துவிட்டதோ என்றுதான் பயந்தாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையில் மேகம் இறங்கி, பொடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் அளவான தண்ணீர். அதனால் அளவில்லாத கூட்டம். முத்துச்செல்வத்துக்குப் புளியங்குடியில் லாரி லோடு இருந்தது. ராபியா ஊரில் இல்லை. உமாராணி கோமதியைத் தன்னோடு கூட்டிவந்து, அருவிக்கரை போலீஸ் அறையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள். அந்த அறையில்தான் சப் இன்ஸ்பெக்டர் நம்பிராஜன் மைக்கோடு இருப்பார். தண்ணீர் ஏறினால் அறிவிப்பது, பிள்ளை தொலைந்தால் அறிவிப்பது எல்லாம் அவர்தான்.

மத்தியானத்துக்கு மேல் யாரோ ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிவந்து அங்கே விட்டார்கள். நாலு வயதிருக்கும். நனைந்த கவுன், கையில் பாதி தின்ற நேந்திரம் சிப்ஸ் பொட்டலம். பேர் தெரியாமல் மைக்கில் எதைச் சொல்வது? இராமலட்சுமி குனிந்து கேட்டாள், "பேரென்ன பாப்பா?" பதில் வருவதற்குள், "அம்மா பேரு? அப்பா பேரு? எந்த ஊரு?" என்றாள். தூக்கிவந்தவர் மலையாளத்தில் கேட்டுப் பார்த்தார். எட்டிப்பார்த்த பழக்கடைக்காரர் ஒருவர் தன் பங்குக்கு நாலு கேள்வி கேட்டார். நம்பிராஜன் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் குரல் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு, பொட்டலத்தை முகத்தில் வைத்து மறைத்துக்கொண்டது. அழுகை மட்டும் வந்தது.

"உமாராணியக் கூப்பிடுங்க. வரிசைல யாராவது பிள்ளையத் தேடுதாங்களான்னு கேப்போம்" என்று நம்பிராஜன் ஆளனுப்பினார்.

உமாராணி ஈரத்தோடு வந்து வாசலில் கால் வைத்தபோது, உள்ளே கோமதி பெஞ்சை விட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. முதுகு இந்தப் பக்கம். அம்மா வந்ததை அவள் பார்க்கவில்லை.

"சார்" என்றாள் கோமதி.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

இல்லையென்று தலையாட்டினாள். "எ... எ... எ..."

"எங்க போணும்? பாத்ரூமா?" என்றாள் இராமலட்சுமி. "இரு, கூட்டிட்டுப் போறேன்."

கோமதியின் தோள் ஏறிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை பேருக்கு முன்னால் பிள்ளை இப்படி நின்றதே இல்லை. உமாராணிக்கு வாயில் மூன்று வார்த்தை தயாராக நின்றது. மூன்றில் எதையாவது ஒன்றைச் சொல்லி, பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடத் துடித்தாள். வலது கை உயர்ந்தது. அந்தக் கையை அவளே பார்த்தாள். இடது கையால் அதைப் பிடித்து இறக்கினாள். இராமலட்சுமி நிமிர்ந்து வாசலைப் பார்த்தபோது, உமாராணி பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். வெளியே அருவி இரைந்தது.

"எ... எங்கம்மாட்ட விடுங்க சார்" என்றாள் கோமதி. மறுபடி நின்றது. மறுபடி தள்ளினாள். "அவ கே... கேள்வியா கேக்க மாட்டா. நா... நாம சொல்லி முடிக்குத வரைக்கும் இ... இருப்பா."

உமாராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சர்வீஸில் அவள் நல்ல பேர் வாங்கியதுண்டு. ஒரு வெள்ளத்தில் இரண்டு பெண்களைக் கைகொடுத்து இழுத்ததற்குப் பெரிய அதிகாரி மேடையில் கூப்பிட்டுப் பாராட்டியதும் உண்டு. அன்று வராத பெருமை இப்போது வந்தது. ஒரு வருஷமாகத் தினமும் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தவளை, பார்க்க வேண்டிய ஆள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

உள்ளே போனாள். கோமதி திரும்பிப் பார்த்து, மாட்டிக்கொண்டவள்போல் சிரித்தாள். உமாராணி தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தரையில் வைத்தாள். தொலைந்த பிள்ளைக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து, தரையிலேயே உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கோமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நேரம் போயிற்று. நம்பிராஜன் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். "ஏம்மா, அங்கன வரிசைல ஆளு கம்மி."

"இருக்கட்டும் சார்" என்றாள் உமாராணி. இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. இராமலட்சுமியை வரிசைக்கு அனுப்பினார்.

பொட்டலம் முகத்தை விட்டு இறங்கிற்று. பிள்ளை விசிலைப் பார்த்தது. உமாராணியைப் பார்த்தது. மெல்ல நகர்ந்து வந்து விசிலை எடுத்து ஊதிற்று. காற்றுதான் வந்தது. உமாராணி முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"எங்க வேன்ல மயிலு இருக்கு" என்றது பிள்ளை.

உமாராணி ஒரு மூச்சு விட்டாள். "அப்படியா?" என்றாள்.

"பெரிய மயிலு. வேன் மேல. எங்கம்மா செவப்புத் துண்டு. எம்பேரு மகிழினி."

அதற்கு மேல் நம்பிராஜனுக்குப் பொறுக்கவில்லை, அவர் மேல் குற்றமும் இல்லை. மைக்கைப் பிடித்து, மயில் படம் போட்ட வேனில் வந்தவர்கள், மகிழினி, சிவப்புத் துண்டு என்று குற்றாலமே கேட்க அறிவித்தார். ஈரச் சேலையோடு ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையை அள்ளினாள். ராஜபாளையத்துக்காரர்கள். போகும்போது பிள்ளை விசிலைத் திருப்பித் தரவில்லை. உமாராணியும் கேட்கவில்லை.

டூட்டி முடிந்து ஸ்கூட்டரை எடுத்தபோது வெளிச்சம் இருந்தது. சாரலில் ரோடு பளபளத்தது. கோமதி பின்னால் ஏறி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு உமாராணி வண்டி ஓட்டுகிற வேகம் ஊரறிந்தது. மினி பஸ்காரர்களே வழி விடுவார்கள். மேலகரம் தாண்டினார்கள். அப்புறம் முதுகில் அந்தக் குரல் கேட்டது.

"அம்மா, டீ... டீச்சர் எ... என்னைய..."

போன வருஷத்து அதே வார்த்தை. அதே இடத்தில் வந்து நின்றது. உமாராணி கண்ணாடியைத் திருப்பி, அதில் பிள்ளை முகம் தெரியும்படி வைத்துக்கொண்டாள். வண்டியை மெதுவாக்கினாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஓரம் கட்டி வழி விட்டாள். ஒரு மினி பஸ், ஒரு ஆட்டோ, கடைசியில் பால் கேன் வைத்த ஒரு சைக்கிள்கூட அவளைத் தாண்டிப் போயிற்று.

"என்னைய பா... பாட்டுல சேத்துட்டாங்க. நீ வ... வந்து கேக்கல. அ... அப்பாவும் கேக்கல. நா... நானே போயி கே... கேட்டேன்."

காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் தெரிந்தது. ரத வீதி வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற தெரு முக்கு வந்தது. உமாராணி திரும்பவில்லை. நேராகவே போனாள்.

"அம்மா, வீ... வீடு போயிட்டு."

"போவட்டும்ட்டி. நீ சொல்லு."

கோமதி சொன்னாள். அதே டீச்சரின் மேஜை முன்னால் போய் நின்றதை, வாய் நின்றுபோனதை, வகுப்பில் இரண்டு பேர் சிரித்ததை, டீச்சர் அவர்களைப் பார்த்து உஸ் என்றுவிட்டு இவள் முடிக்கிறவரை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நின்றதை. தெற்கு ரத வீதி முடிந்து மேல ரத வீதி வந்தது. நடுவில் ஒரு வார்த்தைக்கு ஒரு முக்கு முழுக்கப் பிடித்தது. பிடிக்கட்டும் என்று உமாராணி உருட்டிக்கொண்டு போனாள். பூக்கடையில் நின்றவர்கள், இந்தப் போலீஸ்காரம்மாவுக்கு என்ன ஆயிற்று, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தார்கள். கோபுரம் ஒரு சுற்று வந்து மறுபடி எதிரே நின்றது.

"வெ... வெள்ளிக்கிழம பிரேயர்ல மொ... மொத வரி நா தனியாப் பாடுதேன். நீ வ... வருவியா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை இன்னும் முடிக்கவில்லை என்பது கண்ணாடியில் தெரிந்தது. உதடு கூடி நின்றது. உமாராணி காத்திருந்தாள். "யூ... யூனிபார்ம் போடாம."

உமாராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முஹ்ஸினா சொன்னபடி ஒரு மூச்சு விட்டாள். பிறகு, "வாரேன்" என்றாள்.